பெரியவங்களுக்கு டயப்பர் போட்ட இடத்துல தோல் வெந்து போறது ஏன்?

வீட்ல ஸ்ட்ரோக் வந்து படுத்துட்டவங்க, டிமென்ஷியா இருக்கறவங்க, இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க, ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்கு அப்புறம் யூரின் நிக்காம போறவங்க, இப்படி யாரையாவது நீங்க பாத்துக்கிட்டிருந்தா இது உங்களுக்குத்தான். டயப்பர் போட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே தொடை இடுக்கு, பின்பக்கம் எல்லாம் சிவந்து போயி "எரியுது எரியுது"ம்பாங்க, பேச முடியாதவங்கன்னா துடைக்கும்போது காலை இறுக்கிக்குவாங்க, நம்ம கைய தட்டி விடுவாங்க. உடனே பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் "சரியா சுத்தம் பண்றதில்ல போல"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க, மருமகளுக்கோ வேலைக்கு வர்ற அம்மாவுக்கோ ஒரு திட்டு விழும், அவங்களும் அடுத்த நாள்லேர்ந்து சோப்பு போட்டு டெட்டால் ஊத்தி டவலால அழுத்தி தேய்ச்சு கழுவ ஆரம்பிப்பாங்க. புண்ணு இன்னும் பெருசாகும்.

நிறைய வீடுகள்ல நடக்கறது இதுதான், அதனால முதல்லயே சொல்லிடுறேன். இந்தப் புண்ணு அழுக்கால மட்டும் வர்றது இல்ல. தேங்கி நிக்கிற ஈரம், மோஷன்ல இருக்கற சமாச்சாரங்க, அதோட நம்ம தேய்க்கிற தேய்ப்பு, எல்லாம் சேந்துதான் தோலோட மேல் அடுக்கு உரிஞ்சு போகுது. டாக்டருங்க இதுக்கு இன்கான்டினன்ஸ் அசோசியேட்டட் டெர்மடைடிஸ்னு பேர் வச்சிருக்காங்க, சுருக்கமா ஐஏடி. கேஸ் ஷீட்ல ஐஏடின்னு எழுதியிருந்தா இதுதான்னு புரிஞ்சுக்கங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா மிச்சதெல்லாம் தானா புரிஞ்சிடும். நம்ம தோல் இயல்பாவே லேசா அமிலத்தன்மை உள்ளது, பிஎச் கணக்குல சுமாரா 4.5 லேர்ந்து 5.5 வரைக்கும் இருக்கும், அந்த அமிலத்தன்மைதான் கிருமிய அண்ட விடாம வச்சிருக்கு. யூரின் வெளிய வர்ற நேரத்துல அவ்வளவு கெடுதல் இல்ல. டயப்பருக்குள்ள மணிக்கணக்கா தேங்கி நிக்கும்போதுதான், அங்க இருக்கற பாக்டீரியா யூரின்ல உள்ள யூரியாவ உடைச்சு அம்மோனியாவா மாத்திடுது. காலையில டயப்பர பிரிச்சதும் மூக்குல ஏறுதே ஒரு நெடி, அது அதான். அம்மோனியா காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிர், அதனால தோலோட பிஎச் மேல ஏறிடும், ஏறினதும் மோஷன்ல இருக்கற என்ஸைம் எல்லாம் இன்னும் வேகமா வேல செய்ய ஆரம்பிக்கும். அந்த என்ஸைம் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்க வைக்கிறதுக்குன்னே குடல்ல இருக்கறது, தோலும் புரதமும் கொழுப்பும் தானே, அதையும் விடாது. யூரின் மட்டும் கசியிறவங்கள விட யூரினும் மோஷனும் சேந்து போறவங்களுக்கு சீக்கிரம் வெந்து போறது இதனாலதான், அதுலயும் தண்ணியா போறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். ரெண்டு நாள் லூஸ் மோஷன் ஆச்சுன்னா போதும், நல்லா இருந்த தோல் கூட உரிஞ்சு நிக்கும்.

இதுக்கு மேல ஈரம் வேற. ரொம்ப நேரம் துணி துவைச்சா விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயி சுருங்குமே, அதே மாதிரி டயப்பருக்குள்ள இருக்கற தோலும் ஊறி தளதளன்னு ஆயிடும், அப்படி ஊறின தோல்ல டயப்பரோட எலாஸ்டிக் ஒரசினாலும் பிய்யும், சொரசொரப்பான டவல் பட்டாலும் பிய்யும். சாதாரண குளியல் சோப்பு கட்டியோட பிஎச் 9, 10 னு இருக்கும். ஏற்கனவே காரமா மாறிக்கிடக்கற இடத்துல ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ சோப்பு போட்டா தோல் எப்ப தான் பழைய நிலைக்கு வரும் சொல்லுங்க.

சரி, டயப்பர் மாத்துறது எப்படின்னு பாக்கலாம், ஏன்னா பாதி வைத்தியம் அந்த பத்து நிமிஷத்துலதான் இருக்கு. வேண்டியத எல்லாம் முதல்லயே கட்டில் பக்கத்துல எடுத்து வச்சுக்கங்க, வெதுவெதுப்பான தண்ணி, மெத்துன்னு இருக்கற துணி நாலஞ்சு, புது டயப்பர், க்ரீம், அழுக்கு போட கவர். பழைய காட்டன் வேட்டி இருந்தா கிழிச்சு வச்சுக்கங்க, கடையில விக்கிற எந்தத் துணியும் அதுக்கு ஈடு இல்ல. பாதியில க்ரீம் எங்கன்னு தேடிட்டு ஓடினா அவங்க அப்படியே திறந்து கிடப்பாங்க. கதவ சாத்திட்டு, "அத்தை, மாத்தி விட்டுடுறேன், கொஞ்சம் சுவத்து பக்கம் திரும்பிக்கிறீங்களா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் கை வைங்க. நினைவு சரியில்லாதவங்கன்னாலும் சொல்லணும்னுதான் நான் சொல்வேன், திடீர்னு துணிய விலக்கினா யாரா இருந்தாலும் உடம்ப இறுக்கிக்கத்தான் செய்வாங்க.

க்ளவுஸ் போட்டுட்டு டயப்பர பிரிங்க, மோஷன் போயிருந்தா அந்த டயப்பரோட முன்பக்கத்தாலயே மேலாப்ல வழிச்சு எடுத்துட்டு அத அப்படியே உள்பக்கமா மடிச்சுடுங்க. அப்புறம் ஈரத் துணியால முன்னாடியிலேர்ந்து பின்னாடி பக்கமா துடைக்கணும், பொம்பளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம், பின்னாடியிலேர்ந்து முன்னாடி இழுத்தா மோஷன்ல உள்ள கிருமி யூரின் போற வழிக்குப் போயி இன்ஃபெக்ஷன் ஆயிடும். ஒரு தடவ துடைச்ச பக்கத்தாலயே திரும்ப துடைக்காதீங்க, மடிச்சு வேற பக்கம் எடுங்க. ஆம்பளைங்களுக்கு விதைப்பைய தூக்கி அடியில துடைக்கணும், அங்கதான் யாரும் பாக்காம புண்ணு பழுத்துக் கிடக்கும். முன்தோல் லேசா பின்னாடி போகும்னா மெதுவா தள்ளி துடைச்சிட்டு மறக்காம பழையபடி முன்னாடி கொண்டு வந்துடணும், அப்படியே விட்டா வீங்கி மாட்டிக்கும், அது எமர்ஜென்சி. மோஷன் காஞ்சு ஒட்டியிருந்தா சுரண்டாதீங்க, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணிய அது மேல ஒரு நிமிஷம் போட்டு வச்சா இளகி வந்துடும், இல்லன்னா கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுங்க.

சோப்பு அவசியம்னு தோணுச்சுன்னா சோப்பில்லாத க்ளென்சர்னு கேட்டு வாங்குங்க, பிஎச் 5.5 னு போட்டிருக்கும், அலசாமயே துடைச்சு விடுற மாதிரியும் கிடைக்குது. வெட் வைப்ஸ் யூஸ் பண்றவங்க வாசனை இல்லாதது, ஆல்கஹால் இல்லாததுன்னு பாத்து வாங்கணும், அந்த மல்லிப்பூ வாசன எல்லாம் வெந்த தோல்ல பட்டா அவங்க துடிச்சிடுவாங்க. டெட்டால், சாவ்லான் எதுவும் தண்ணியில கலக்க வேண்டாம்.

துடைச்ச பிறகு காய வைக்கிறது. இங்கதான் பல பேர் அவசரப்படுறாங்க. தேய்க்காம காஞ்ச துணிய வச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணும், தொடை இடுக்கு, வயிறு மடிப்பு, பின்பக்க நடு மடிப்பு எல்லாத்தையும் விரிச்சு ஒத்தணும். அப்புறம் ஒரு ரெண்டு மூணு நிமிஷம் ஃபேன் காத்து படட்டும். ஹேர் ட்ரையர் வேண்டாம், சூடு பட்டா உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு சுட்டது கூட தெரியாது. திருப்பும்போது இழுக்காதீங்க, இழுத்தா தோல் மெத்தையில ஒட்டிக்கிட்டு உள்சதை மட்டும் நகரும், இடுப்புக்கு அடியில ஒரு பெட்ஷீட்ட நாலா மடிச்சுப் போட்டு வச்சு அத பிடிச்சு திருப்புனா உங்க முதுகும் பிழைக்கும்.

அடுத்தது க்ரீம். இத புண்ணு வந்த பிறகு போடுற மருந்துன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. டயப்பர் போடுற முதல் நாள்லேர்ந்தே, தோல் நல்லா இருக்கும்போதே போட்டுட்டு வரணும், இதோட வேலையே யூரினும் மோஷனும் தோல நேரா தொடாம தடுக்கறதுதான். மெடிக்கல்ல கிடைக்கறதுல மூணு விதம் இருக்கு. சாதா பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது வாசலின், விலை கம்மி, யூரின் மட்டும் போறவங்களுக்கு, தோல் இன்னும் கெடாதவங்களுக்கு இது போதும். ரெண்டாவது ஜிங்க் ஆக்சைடு, குழந்தைங்க டயப்பர் ராஷ் க்ரீம்ல இருக்குமே அந்த வெள்ள க்ரீம், லூஸ் மோஷன் போறவங்களுக்கும் லேசா உரிஞ்ச தோலுக்கும் இது நல்லா தாங்கும். மூணாவது டைமெத்திகோன், சிலிக்கான் வகை, தடவுனா பிசுபிசுப்பு இல்லாம கண்ணுக்கு தெரியாம இருக்கும், அதனால தோல தினமும் பாத்து செக் பண்றது ஈஸி, கொஞ்சம் விலை கூட. பெரிய ஆஸ்பத்திரியில ஸ்ப்ரே மாதிரி அடிச்சு ஒரு மெல்லிய பிலிம் படிய வைப்பாங்க, அதுவும் இதே வேலைக்குத்தான்.

ஜிங்க் க்ரீம்ல ஒரு விஷயம். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைய முழுசா தேய்ச்சு எடுத்துட்டு புதுசா போடணும்னு நினைச்சு அழுத்தி துடைக்கிறாங்க, வேண்டவே வேண்டாம். அழுக்கான மேல் லேயர மட்டும் ஒத்தி எடுத்துட்டு, அடியில ஒட்டிக்கிட்டிருக்கறத அப்படியே விட்டு அது மேலயே கொஞ்சம் பூசுங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவ முழுசா எடுத்து தோல பாக்கணும்னா எண்ணெய் தொட்டு எடுத்தா வழுக்கிட்டு வந்துடும். வாசலினோ வேற எண்ணெய்ப் பசை க்ரீமோ, இட்லி மாவு மாதிரி கெட்டியா அப்பினா அது டயப்பர் மேல ஒட்டி, டயப்பர் ஈரத்த உறிஞ்சாம போயிடும். நல்லா இருக்கற தோலுக்கு லேசா பூசுனா போதும், உரிஞ்ச இடத்துல மட்டும் கொஞ்சம் கூட.

பவுடர் போடாதீங்க. இத சொன்னா நிறைய பேருக்கு கோவம் வரும், காலம் காலமா போடுறது தானேன்னு. ஈரத்துல பவுடர் கட்டி கட்டியா ஆயி மடிப்புல உக்காந்துக்கும், மணல் மாதிரி ஒரசிக்கிட்டே இருக்கும். மஞ்சள் அரைச்சு பூசுறதும் அப்படித்தான், உரிஞ்ச தோல்ல எரியும், அதோட அந்த இடம் முழுக்க மஞ்சக் கறையாகி சிவப்பு கூடுதா குறையுதான்னே தெரியாம போயிடும். தேங்காய் எண்ணெய் தோல் நல்லா இருக்கும்போது பரவால்ல, ஆனா அது சீக்கிரம் கரைஞ்சு போயிடும், லூஸ் மோஷனுக்கு முன்னாடி நிக்காது. காலமைன் லோஷன் ஊத்துறவங்களும் உண்டு, அது காய வைக்கும், தடுப்பா நிக்காது.

டயப்பர் விஷயத்துக்கு வருவோம். உள்ள இருக்கற பொடி ஒன்னு ஈரத்த இழுத்து ஜெல்லா மாத்தி வச்சுக்கும், அதனாலதான் நல்ல டயப்பர் மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கு. ஆனா பாக்கெட்ல பன்னெண்டு மணி நேரம் தாங்கும்னு போட்டிருக்கறத நம்பி காலையில போட்டத ராத்திரி கழட்டுறது தப்பு, அது எவ்வளவு தண்ணிய பிடிச்சு வைக்கும்ங்கிற கணக்கு, தோல் எவ்வளவு நேரம் தாங்கும்ங்கிற கணக்கு இல்ல. பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ தொட்டுப் பாருங்க, மோஷன் போனா ஒரு நிமிஷம் கூட தள்ளிப் போடாம மாத்துங்க. லீக் ஆகுதுன்னு ரெண்டு டயப்பர் ஒன்னு மேல ஒன்னு போடுறாங்க, சூடும் வேர்வையும் தான் கூடும். லீக் ஆகுறதுக்கு காரணம் பெரும்பாலும் சைஸ் தான், இடுப்பு சுத்தளவ அளந்து வாங்கணும், பெருசா வாங்குனா நல்லதுன்னு எக்ஸ்எல் வாங்குனா தொடை பக்கம் இடைவெளி விட்டு கசியும், சின்னதா வாங்குனா தொடையில கோடு விழுந்து அதுவே புண்ணாகும். படுத்தே இருக்கறவங்களுக்கு ஜட்டி மாதிரி மாட்டுறத விட டேப் ஒட்டுறது வசதி, கழட்ட காலை தூக்கி இழுக்க வேண்டியதில்ல. மத்தியானம் வீட்ல ஆளு இருக்கற நேரத்துல டயப்பர கழட்டிட்டு அடியில ஈரத்த உறிஞ்சுற விரிப்பு, அதாவது அண்டர்பேட், மட்டும் விரிச்சு ஒரு மணி நேரமாவது காத்தாட விடுங்க. வெறும் ரப்பர் ஷீட் மேல நேரா படுக்க வைக்காதீங்க, மேல ஒரு காட்டன் துணி வேணும்.

யூரின் மட்டும் பிரச்சனையா இருக்கற ஆம்பளைங்களுக்கு காண்டம் கதீட்டர்னு ஒன்னு இருக்கு, உறை மாதிரி வெளியில மாட்டி குழாய் வழியா பைக்கு போகும், தோல் காஞ்சே இருக்கும். தினமும் மாத்தணும், இறுக்கமா ஒட்டக் கூடாது. உள்ள விடுற ட்யூப் வேற, புண்ணுக்காக அத போட்டுடலாமேன்னு கேக்கறவங்க இருக்காங்க, நாளாக நாளாக அது யூரின் இன்ஃபெக்ஷன கொண்டு வரும்ங்கிறதால டாக்டர் வேற வழி இல்லன்னாதான் போடுவாங்க.

இப்ப கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா இந்த இடத்துல வர்ற எல்லாப் புண்ணும் இதே புண்ணு கிடையாது.

படுக்கைப் புண்ணு வேற. அது எலும்பு முட்டுற இடத்துல வரும், முதுகுத்தண்டு முடியிற இடம், இடுப்பு எலும்பு பக்கவாட்டுல, குதிகால். ஓரம் தெளிவா வட்டமா இருக்கும், ஆழமா போகும், நடுவுல கறுப்பா கூட இருக்கும். நம்ம பேசிக்கிட்டிருக்கற ஐஏடி ஈரம் படுற இடமெல்லாம் பரவலா இருக்கும், ஓரம் இன்னதுன்னு சொல்ல முடியாது, மடிப்புக்குள்ளயும் இருக்கும், மேலாப்ல உரிஞ்சிருக்குமே தவிர குழி விழாது. சிவந்த இடத்த விரலால அமுக்கி எடுத்துப் பாருங்க, வெளுத்து திரும்ப சிவந்தா பரவால்ல, அமுக்கினாலும் சிவப்பு அப்படியே நின்னா அழுத்தத்தால வர்ற புண்ணு ஆரம்பிக்குதுன்னு சந்தேகப்படணும். நம்ம மாநிறத் தோல்ல, கறுத்த தோல்ல சிவப்பு சரியா தெரியாது, சுத்தி இருக்கற தோல விட அடர்த்தியா, ஊதா மாதிரி, சில சமயம் வெளுத்துக் கூட இருக்கும், அதனால புறங்கையால தொட்டு சூடா இருக்கா, கல்லு மாதிரி இருக்கா, தொட்டா முகம் சுளிக்கிறாங்களான்னு பாக்கணும், டியூப் லைட்ட விட ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. ரெண்டு புண்ணும் ஒரே ஆளுக்கு சேந்தும் வரும். படுக்கைப் புண்ணுக்கு க்ரீம் மட்டும் பத்தாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வச்சு அழுத்தத்த எடுக்கணும்.

அடுத்தது பூஞ்சை, கேண்டிடான்னு சொல்வாங்க. மடிப்புக்குள்ள நல்லா செக்கச்செவேல்னு, ஈரமா இருக்கும், அத சுத்தி கொஞ்சம் தள்ளி தனித்தனியா கடுகு கடுகா சிவப்பு பொரி, சிலதுல சீழ் முனை. அந்த தெறிச்ச மாதிரி புள்ளிகள பாத்தீங்கன்னா அது வெறும் ஐஏடி இல்ல, அரிப்பும் தாங்காது. சுகர் இருக்கறவங்களுக்கும், ஆன்டிபயாட்டிக் சாப்டவங்களுக்கும் இது அதிகம். இன்னொன்னு, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி கிளிஃப்ளோசின்னு முடியிற சுகர் மாத்திரைங்க சுகர யூரின் வழியா வெளிய தள்ளிதான் வேல செய்யும், இப்ப நம்ம ஊர்ல நிறைய பேர் சாப்புடுறாங்க, யூரின்ல சுகர் போனா பூஞ்சைக்கு விருந்துதான். மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க, அவர் முடிவு பண்ணுவார். பூஞ்சைக்கு பொதுவா க்ளோட்ரிமசோல் க்ரீம் எழுதுவாங்க, அத லேசா பூசி கொஞ்ச நேரம் விட்டு அது மேல ஜிங்க் க்ரீம் போடணும், மாத்திப் போட்டா மருந்து தோலுக்குப் போகாது. ரெண்டு நாள்ல சிவப்பு குறைஞ்சதும் விட்டுடாம சொன்ன நாள் வரைக்கும் போடணும்.

மெடிக்கல்ல போயி "அரிப்புக்கு நல்ல க்ரீமா குடுங்கண்ணே"ன்னு கேட்டா பல கடையில எடுத்துக் குடுக்கறது ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூணும் கலந்த ட்யூப். முதல் ரெண்டு நாள் அற்புதமா கேக்கும், அதான் சிக்கலே. க்ளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு டயப்பருக்குள்ள அடைச்ச இடத்துல இன்னும் ஆழமா ஏறி தோல காகிதம் மாதிரி மெலிசாக்கிடும், பூஞ்சை உள்ளுக்குள்ள பரவி பின்னாடி சாதா மருந்துக்கு அடங்காம போயிடும். 2018 லயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள ஷெட்யூல் எச்ல கொண்டு வந்துட்டாங்க, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. நடக்கறது என்னன்னு உங்களுக்கே தெரியும். ட்யூப திருப்பி உள்ள என்ன இருக்குன்னு படிங்க, க்ளோபெட்டசால், பெட்டமெத்தசோன்னு ஏதாவது இருந்தா டாக்டர் சொல்லாம கைய வைக்காதீங்க.

இவ்வளவு பண்ணியும் ஈரம் நிக்காம வந்துக்கிட்டே இருந்தா ஏன் வருதுன்னு பாக்கணும்ல. பல நாள் மோஷன் சரியா போகாம இருந்தவங்களுக்கு திடீர்னு தண்ணியா கொஞ்சம் கொஞ்சமா கசிய ஆரம்பிக்கும், வீட்ல லூஸ் மோஷன்னு நினைச்சு நிறுத்துற மாத்திரை குடுத்துடுவாங்க. உள்ள கல்லு மாதிரி மோஷன் அடைச்சுக்கிட்டு அத சுத்தி தண்ணி மட்டும் வழியிறதா இருக்கலாம், அப்ப அந்த மாத்திரை குடுத்தா அடைப்பு இன்னும் இறுகும். படுக்கையில இருக்கறவங்களுக்கு இது ரொம்ப சகஜம், டாக்டரோ நர்ஸோ விரல் விட்டு செக் பண்ணினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். யூரினும் அப்படித்தான், ப்ராஸ்டேட் வீங்கி மூத்திரப் பை நிறைஞ்சு வழியிறதாவும் இருக்கலாம். மெட்ஃபார்மின், ஆன்டிபயாட்டிக், மலச்சிக்கலுக்கு குடுக்கற சிரப் இதெல்லாம் மோஷன இளக்கும், வீக்கத்துக்கு குடுக்கற யூரின் மாத்திரைய சாயந்திரம் குடுத்தா ராத்திரி பூரா டயப்பர் நிறையும், காலையில குடுக்கலாமான்னு கேளுங்க. யூரின் போகக் கூடாதுன்னு தண்ணிய குறைக்காதீங்க பாவம், மலச்சிக்கல்தான் கூடும், இன்ஃபெக்ஷனும் வரும். கொஞ்சம் உக்கார முடிஞ்சவங்கன்னா சாப்பாடு முடிஞ்ச அரை மணி நேரத்துக்குள்ள கமோடு சேர்ல உக்கார வச்சுப் பாருங்க, வயித்துல சாப்பாடு விழுந்ததும் குடல் அசையும், அந்த நேரத்துல போயிட்டா ஒரு டயப்பர் மிச்சம், தோலுக்கும் ரெஸ்ட்.

மேல சொன்னபடி ஒழுங்கா பண்ணினா லேசான சிவப்பு சில நாள்லயே குறைய ஆரம்பிக்கும், தோல் உரிஞ்சிருந்தா ஒன்னு ரெண்டு வாரம் ஆகும். மூணு நாள் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லன்னா, கொப்பளம், சீழ், ரத்தம், காய்ச்சல் இருந்தா டாக்டர பாத்துடணும். சுகர் இருக்கறவங்களுக்கு விதைப்பையோ பெண்ணுறுப்போ ஆசனவாய் பக்கமோ திடீர்னு வீங்கி, பாக்க இவ்வளவுதானே தெரியுதுன்னு இருந்தும் வலி உயிர் போற மாதிரி இருந்தா, கறுப்பாவோ ஊதாவாவோ மாறினா, காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி, சதைய அழுக வைக்கிற இன்ஃபெக்ஷன் மணிக்கணக்குல பரவும்.

ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போக முடியாதவங்க தமிழ்நாட்டுல இருந்தீங்கன்னா, 2021 ஆகஸ்ட் 5 ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர் பிபி மாத்திரை மட்டும் இல்ல, படுத்தே இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து நர்ஸ் பாக்கறதும் பிசியோதெரபியும் இருக்கு. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க, இல்ல 104 க்கு போன் பண்ணி கேளுங்க. நர்ஸ் வரும்போது புண்ண மட்டும் காட்டாம, எந்த டயப்பர் போடுறீங்க, எத்தன மணிக்கு மாத்துறீங்க, என்ன க்ரீம் போடுறீங்க, என்ன மாத்திரை போகுது, மோஷன் கடைசியா எப்ப எப்படி போச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சு காட்டுங்க. நீங்க மாத்துறத அவங்க முன்னாடியே ஒரு தடவ செஞ்சும் காட்டுங்க, துடைக்கிற விதத்துலயோ திருப்புற விதத்துலயோ தப்பு இருந்தா அப்பவே சொல்லிடுவாங்க.